பூஜ்யம் போட்டிருந்த கட்டம்

1

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தமானில், மின்னி பே பகுதி வீட்டில் இருந்தவர்கள்: பாண்டி அண்ணன், செல்வி மதினி, அவர்கள் மகள் திவ்யா, வீட்டுச் சொந்தக்காரர் தாஸ் பாபு, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர், வங்கியில் கடன் பிரிவில் இருக்கும் மேடம். அவர் பென்சிலால் போட்ட வட்டம் மட்டும் ஒரு காகிதத்தில் அங்கே வந்திருந்தது. இன்னொருவர், மெயின்லேண்டில் எங்கள் கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து வருடா வருடம் எங்களுக்கு ஃபார்ம் 16 தயாரித்து அனுப்புகிறவர். அவர் ஆணா பெண்ணா என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் தவறே செய்யாதவர் அவர் ஒருவர்தான்.

அது நடந்தது ஏப்ரலில். இப்போது ஜூன். கப்பலில் இருந்து இறங்கி இந்த மாதத்தோடு ஆறு வருடம் ஆகிறது எனக்கு. நேற்று மதியம் சாத்தம் படகுத்துறைப் பக்கம் உள்ள எங்கள் கம்பெனி ஸ்டோரில், மழைக்காகத் தகரக் கதவைப் பாதி இறக்கிவிட்டு நட்டு போல்ட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது கைபேசி ஐந்து முறை அடித்தது. இந்த வருடத்து ஃபார்ம் 16. என்னோடு வேலை செய்கிற ஐந்து பேருடையதும் என் மின்னஞ்சலுக்குத்தான் வரும். எண்ணுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் திறக்கவில்லை.

திறப்பதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. ஊரில் இருந்து என்னைப்போல வேலைக்கு வெளியே கிளம்பப் போகிற பிள்ளைகள் யாராவது படித்தால் நல்லது. வீட்டில் முதல் ஆளாகப் படித்தவர்கள் கட்டாயம் படியுங்கள். உங்களைத்தான் எல்லோரும் நம்புவார்கள்.

2

அந்த ஃபார்ம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளத்தில் கம்பெனியே வருமான வரியைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டிவிடும். வருட முடிவில், "உனக்கு இவ்வளவு கொடுத்தேன், இவ்வளவு பிடித்தேன், பிடித்ததைக் கட்டிவிட்டேன்" என்று எழுதித் தரும் காகிதம்தான் ஃபார்ம் 16. அதில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டிய வரி. இரண்டாம் பகுதியில் சம்பளம், அதில் எந்தெந்தப் பணத்துக்கு வரி கிடையாது, மிச்சத்துக்கு எவ்வளவு வரி என்ற கணக்கு. அதை வைத்து ஜூலைக்குள் நாம் ரிட்டர்ன் போட வேண்டும். கூடுதலாகப் பிடித்திருந்தால் திரும்ப வரும்.

எங்கள் கம்பெனி ஜெட்டி, அதாவது படகுத்துறை, பழுதுபார்க்கிற வேலை செய்கிறது. பாண்டி அண்ணன் பார்ஜ் என்கிற தட்டைப் படகில் நிற்கும் கிரேனை ஓட்டுகிறவர். முதுகுளத்தூர் பக்கம் எங்களுக்கு அடுத்த ஊர். இருபது வருடத்துக்கு மேலாகத் தீவில் இருக்கிறார். தீவுவாசி என்பதற்கான ஐலண்டர் கார்டு வாங்கி, திவ்யாவை இங்கேயே பெற்று வளர்த்து, என்னையும் ஸ்டோர் வேலைக்குக் கூட்டிவந்தவர். பார்ஜில் இருக்கிற ஆட்களுக்குச் சிக்னல் கிடைக்காது. அவர்களுடைய எண்களும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் கம்பெனியில், வங்கியில், வரித் துறையின் இணையதளத்தில் எல்லா இடத்திலும் என் எண்ணையும் என் மின்னஞ்சலையுமே கொடுத்தார்கள். கரையில் நிற்கிறவன், இங்கிலீஷ் தெரிந்தவன், டிகிரி முடித்தவன். யாருக்கு எந்த ஓடிபி வந்தாலும் என் பையில்தான் அடிக்கும். பாஸ்வேர்டுகளை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

எனக்குச் சம்பளம் குறைவு. என் ஃபார்மில் வரியே கிடையாது. ஆகையால் நான் மற்றவர்களுடையதைத்தான் படித்தேன்.

"டேய் காலேஜு, நம்ம காசு எம்புட்டுப் போயிருக்குன்னு பாருடா."

"முப்பத்தோராயிரம் அண்ணே."

"முப்பத்தோராயிரமா? நான் என்ன சொந்தமாக் கப்பலா விடுறேன்? அந்தக் கிரேன வேணா எடுத்துக்கச் சொல்லு."

என் பெயர் முனியசாமி. அவர் வாயில் நான் அப்போதெல்லாம் காலேஜுதான்.

3

அந்த ஃபார்மின் இரண்டாம் பகுதியில் ஒரு கட்டம் உண்டு. சம்பளத்தில் வரிவிலக்கு உள்ள படிகள் என்று இருக்கும் அந்தக் கட்டத்தில் அண்ணனுக்குப் பூஜ்யம் போட்டிருந்தது. பூஜ்யம், புள்ளி, இன்னும் இரண்டு பூஜ்யம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் ஊரில் இருக்கிறது.

எட்டாம் வகுப்பு படித்தபோது மிளகாய்க் கொல்லையில் பழம் பறிக்கிற சமயம் மழை பிடித்துக்கொண்டது. கொல்லையிலேயே அழுகியது பாதி, களத்தில் பூசணம் பிடித்தது பாதி. பயிர்க் காப்பீட்டு விண்ணப்பத்தை அப்பா என்னிடம்தான் கொடுத்தார். அவருக்குக் கைநாட்டு. அம்மாவுக்கும் அதுதான். விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். ஒன்றில் மட்டும் மானாவாரியா இறவையா என்று கேட்டிருந்தது. இறவை என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. கிணற்றுத் தண்ணீர் இறைத்துப் பாய்ச்சுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. தெரியாததை எழுதிக் கெடுப்பானேன் என்று காலியாக விட்டேன்.

ஊரில் நிறைய வீடுகளுக்குப் பணம் வந்தது. எங்களுக்கு வரவில்லை. அப்பா என்னைச் சைக்கிளில் வைத்து அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்தவர் காகிதத்தைத் தேடி எடுத்து, அந்தக் காலிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"கட்டத்த எம்டியா விட்டா நீ கேக்கலன்னு அர்த்தம் தம்பி."

அப்பா அவரிடம், "பள்ளிக்கூடம் போற பய எழுதுனதுங்கய்யா, சரியாத்தான் இருக்கும், இன்னொருக்கா பாருங்க" என்றார். இரண்டு முறை சொன்னார். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி எந்தக் காகிதத்திலும் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாதென்று.

அண்ணனுடைய ஃபார்மில் இருந்த பூஜ்யம் எனக்கு அந்தக் காலிக் கட்டம் மாதிரியே தெரிந்தது. மெயின்லேண்டில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தீவைப் பற்றி என்ன தெரியும், விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

4

எங்கள் சம்பளச் சீட்டில் தீவுப்படி என்று மாதம் நாலாயிரத்து ஐந்நூறு வரும். கடல் தாண்டி வந்து வேலை செய்வதற்காகக் கம்பெனி கொடுப்பது. வரிவிலக்கு உள்ள படிகள் எவையெவை என்று ஒரு இணையதளத்தில் பட்டியல் போட்டிருந்தார்கள். கைபேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மலைப் பகுதி, எல்லைப் பகுதி, சுரங்கம் என்று போய், கடைசிக்குப் பக்கத்தில் தீவுப் பணிப்படி, அந்தமான் நிக்கோபார், மாதம் மூவாயிரத்து இருநூற்று ஐம்பது வரை என்று இருந்தது. எங்கள் தீவின் பெயரே அதில் இருந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் படிக்கத் தோன்றவில்லை.

அது இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூலை. கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பதில் வரவில்லை. கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. அண்ணனுடைய ரிட்டர்னில் அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட்டு முப்பத்தொன்பதாயிரம் என்று அடித்தேன். திரை ஒன்றும் சொல்லவில்லை. சரி பார்த்தாயிற்றா என்று மட்டும் கேட்டது. ஆயிற்று என்று அழுத்தினேன்.

ஐந்து வாரத்தில் அண்ணன் கணக்கில் எட்டாயிரத்து நூற்றுப்பத்து ரூபாய் விழுந்தது.

அன்றைக்கு மின்னி பே வீட்டில் சுர்மை என்கிற வஞ்சிர மீன் குழம்பு. அந்தப் பணத்தில் மதினி மிக்சி வாங்கினார். "இந்தா பாருங்க தம்பி, நீங்க படிச்ச படிப்பு எங்க வீட்டு அடுப்படியில வந்து சுத்துது" என்று அதை ஓட விட்டுக் காட்டினார். அண்ணன் பார்ஜில் போய்ச் சொல்லிவிட்டார். அடுத்த ஜூனில் இன்னும் நாலு பேர் ஃபார்மோடு ஸ்டோர் வாசலில் நின்றார்கள். அதில் குருசாமி என்று, பாரம் இழுக்கும் வின்ச் எந்திரம் ஓட்டுகிற ஒருவர், "காலேஜு, உனக்குக் கமிஷன் வேணாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உண்மையாகவே வேண்டாமென்றுதான் இருந்தேன். ஐந்து பூஜ்யத்தையும் எடுத்தேன். ஐந்து பேருக்கும் பணம் வந்தது.

5

தாஸ் பாபு வீட்டில் அண்ணன் பதினொரு வருடமாக வாடகைக்கு இருந்தார். இரண்டு அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்பக்கம் நின்றால் கடல். பாபு ஓய்வுபெற்றவர். மகன் மெயின்லேண்டில் ஃபிளாட் பார்த்திருக்கிறான், வீட்டை விற்றுவிட்டுப் போகிறேன் என்று இந்த வருடம் பொங்கல் முடிந்ததும் சொன்னார். வேறு ஆளுக்கு விற்றால் அண்ணன் காலி செய்ய வேண்டும். அண்ணன் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு லட்சம் முன்பணம். அது அவர்கள் சேமிப்பு முழுவதும். மிச்சத்துக்கு வங்கிக் கடன். தொண்ணூறு நாளில் பத்திரம் முடியவில்லை என்றால் முன்பணம் திரும்ப வராது என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

அதையும் நான்தான் வாசித்துச் சொன்னேன்.

"அந்தத் தொண்ணூறு நாளு என்னடா?"

"வழக்கமாப் போடுறதுதான் அண்ணே."

மதினி வீட்டுக்குள் போய்ப் பின்கதவைத் திறந்து கடலைப் பார்த்துவிட்டு வந்தார். பதினொரு வருடமாகப் பார்க்கிற கடல்தான்.

வங்கியில் கடன் பிரிவு மேடம் வங்காளி. அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக இருந்தது தீவு ஹிந்திதான். அண்ணனுடைய ஃபார்ம் 16-ஐயும் நான் போட்ட ரிட்டர்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு காகிதத்தையும் யாரும் அப்படிச் சேர்த்து வைத்து அதுவரை நான் பார்த்ததில்லை. நான்கூட வைத்ததில்லை.

"இதர் ஜீரோ. உதர் உந்தாலீஸ் ஹஜார். கியூங்?"

இங்கே பூஜ்யம், அங்கே முப்பத்தொன்பதாயிரம், ஏன் என்று கேட்டார். குரலில் ஒன்றும் இல்லை. நான் தீவுப்படி என்றேன். அவர் பென்சிலை எடுத்துப் பூஜ்யத்தைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டார். "கம்பெனி சே சிட்டி லே ஆவோ" என்றார். கம்பெனியிலிருந்து கடிதம் வாங்கி வா. அது வந்தால்தான் ஃபைல் நகரும்.

வெளியே படியில் நின்று அண்ணன் கேட்டார். "என்னடா சொல்லுது அந்தம்மா?"

"ஒரு லெட்டர் கேக்குறாங்க அண்ணே. அவ்வளவுதான்."

6

இந்தமுறை கம்பெனி பதில் போட்டது. ஒன்பதாம் நாள், இரண்டே வரி. அந்த விலக்கு ஆயுதப்படையில் இருப்பவர்களுக்கு உரியது. தங்களுக்குப் பொருந்தாததால் பூஜ்யம் என்று சரியாகவே குறிக்கப்பட்டுள்ளது.

விதியைத் தேடி முழுசாகப் படித்தேன். அப்படித்தான் இருந்தது. அது இங்கே தீவில் காவல் நிற்கிற ராணுவத்துக்கும் கடற்படைக்கும் கொடுத்தது. கிரேன் ஓட்டுகிறவருக்கும் வின்ச் சுற்றுகிறவருக்கும் இல்லை. முன்பு நான் படித்தது சுருக்கம். இரண்டு வருடத்தில் ஐந்து பேரை நான் பட்டாளத்தில் சேர்த்து வைத்திருந்தேன்.

மார்ச் முதல் வாரத்தில் வரித் துறையிலிருந்து செய்தி வந்தது. அண்ணன் பெயருக்கு, என் கைபேசிக்கு. நீங்கள் கோரிய விலக்கு உங்கள் முதலாளி தந்த விவரத்தோடு ஒத்துப்போகவில்லை, நீங்களாகவே திருத்திக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. கணக்குப் பார்த்தேன். முதல் வருடத்து ரிட்டர்னை மார்ச் 31-க்குள் திருத்தினால் வரியும் வட்டியும், அந்தத் தொகையில் கால் பங்கு கூடுதலும் கட்ட வேண்டும். தேதி தாண்டினால் அரைப் பங்கு. திருத்தவே இல்லையென்றால் அபராதம் இரண்டு மடங்குவரை போகலாம்.

அண்ணனிடம் சொல்லவில்லை.

சம்பளம் வந்ததும் என் காசிலேயே கட்டிச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, திருத்துவதிலும் தப்புச் செய்துவிட்டால் என்று பயந்தேன். அண்ணன் தினமும் சாயங்காலம் சாத்தத்தில் இறங்கி ஸ்டோரில் தலையை நீட்டுவார். "லெட்டர் வந்துச்சாடா?" "வரும் அண்ணே." "வரும் வரும்கிற, கப்பல் கூட வந்துருச்சு." சிரித்துவிட்டுப் போவார்.

அந்தச் சமயத்தில் தீவின் வடக்கே மாயாபந்தர் ஜெட்டி வேலைக்குச் சாமான் கணக்கெடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அங்கே சிக்னல் வந்து வந்து போகும். கைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து ஒன்றும் இல்லாமல் போகிற இடம் ஒன்று ஜெட்டி முனையில் உண்டு. தினமும் அங்கே போய் நின்றேன். நிற்க நிம்மதியாக இருந்தது. மார்ச் 31 அன்றும் அங்கேதான் நின்றேன். தண்ணீர் ஜெட்டித் தூண்களில் அடித்துக்கொண்டே இருந்தது. அன்று இரவு ஊருக்குப் பேசியபோது அப்பா கேட்டார்: "சொகமா இருக்கியாப்பா? அங்க எல்லாரும் ஒன்னய நல்லா வச்சிருக்காகளா?" நல்லா வச்சிருக்காங்க என்றேன்.

7

திரும்பி வந்த மறுநாள் அந்த ஞாயிற்றுக்கிழமை. தாஸ் பாபு காலையிலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமையோடு தொண்ணூறு நாள் முடிகிறது. மதினி டீ கொடுத்தார். அண்ணன் வங்கியில் கொடுத்த காகிதங்களின் நகலைப் பாயில் பரப்பி வைத்திருந்தார். பென்சில் வட்டம் மேலே தெரிந்தது.

திவ்யாவுக்கு மெயின்லேண்டில் நர்சிங் படிக்க ஆசை. விண்ணப்பத்தில் அவளும் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். ஓடிபி பார்க்க என் கைபேசியை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனாள். அவள் தமிழ் பேசுவாள், எழுதப் படிக்க வராது. ஹிந்தியும் இங்கிலீஷும் சரளம். மனசுக்குள் கணக்குக் கூட்டுவதுகூட ஹிந்தியில்தான். தன் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால் சிரிப்பாள். இந்தப் பிள்ளை ஊருக்குப் போய் எப்படிப் பிழைக்கும் என்று நான் அவளைக் கேலி செய்வதுண்டு.

திரும்பி வந்தவள் ஓடிபி பற்றிப் பேசவில்லை.

"சித்தப்பா, இதுல பப்பாவோட பான் கார்டு நம்பர் போட்டு ஒரு மெசேஜ் இருக்கு. இன்கம் டாக்ஸ்லருந்து."

நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"பஹலே ஹி ஓப்பன் பண்ணிருக்கீங்க. மார்ச்ல வந்திருக்கு." ஏற்கெனவே நான் திறந்து பார்த்த செய்தி அது.

அண்ணன் என்னைப் பார்த்தார். "வாசிடா."

வாசித்தேன்.

"தமிழ்ல சொல்லு."

சொன்னேன். ராணுவத்துக்கு உள்ள விலக்கு என்பதையும் சொன்னேன். கம்பெனியிலிருந்து லெட்டர் வராது என்பதையும் சொன்னேன். மார்ச் 31-ஐப் பற்றிச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணன் மறுபடி சொல்லச் சொன்னார். அதை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

"அப்ப நான் மிலிட்டரியா?" என்றார் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"பாப்பா, அத நீ ஒருக்கா படி. சித்தப்பா சொன்னது சரியான்னு சொல்லு."

திவ்யா படித்தாள். தலையை ஆட்டினாள். "சரிதான் பப்பா." அந்தத் தலையாட்டல் முடியும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னதை இன்னொரு ஆளை வைத்துச் சரிபார்த்தது அந்த வீட்டில் அதுதான் முதல் முறை.

தாஸ் பாபுவுக்குத் திவ்யாதான் ஹிந்தியில் சொன்னாள். அவர் நல்ல மனிதர். வாடகைக்கு ஒரு நாள் கதவைத் தட்டியதில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாண்டி பாய், மேரா டிக்கெட் ஹோ சுகா ஹை" என்றார். டிக்கெட் போட்டாகிவிட்டது. மகன் அங்கே ஃபிளாட்டுக்குப் பணம் கட்டக் காத்திருக்கிறான். முன்பணத்தைப் பற்றி அண்ணன் கேட்டார். பாபு எழுந்துகொண்டே, "காகஜ் மே லிக்கா ஹை நா" என்றார். காகிதத்தில் எழுதியிருக்கிறதே. அதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். வாசித்தவன் நான்.

அவர் போன பிறகு அண்ணன் சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை.

"நீ தப்பாப் படிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லலடா. எனக்குப் படிப்பு இருந்திருந்தா நானும் அப்படித்தான் படிச்சிருப்பேன். காசு வருதுன்னா எவன் கடைசி வரிவரைக்கும் படிக்கிறான்? தெரிஞ்சப்புறம் ஏன்டா வாயத் தொறக்கல? அன்னைக்கே சொல்லிருந்தா அந்தம்மா கால்ல விழுந்தாவது ஃபைலத் தள்ளிருப்பேனே."

மதினி உள்ளேயிருந்து, "தம்பி, சோறு வச்சிருக்கேன், தின்னுட்டுப் போங்க" என்றார். எப்போதும் சொல்வது போலத்தான். உட்கார்ந்து தின்றேன். எதிரில் யாரும் உட்காரவில்லை.

8

மறுநாளே திருத்திய ரிட்டர்ன் போட்டோம். திவ்யா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் பார்த்தாள். நான் கட்டுகிறேன் என்றேன். அண்ணன் விடவில்லை. "வந்த காசுல மிக்சி அரைச்சவங்க நாங்கதான்" என்றார். திருத்தின ரிட்டர்னை வங்கி மேடம் வாங்கி வைத்துக்கொண்டார். பரிசீலிக்க இரண்டு மாதம் ஆகும் என்றார். வியாழக்கிழமை வந்தது, போயிற்று. மாதக் கடைசியில் வீட்டை வேறு ஒருவர் வாங்கினார்.

அவர்கள் இப்போது அக்கரையில், பம்பூஃப்ளாட்டில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். அண்ணன் தினமும் ஃபெரியில் சாத்தத்துக்கு வருகிறார். ஸ்டோரைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போது தலையை நீட்டுவதில்லை. எதிரில் பார்த்தால், "என்ன முனியசாமி" என்கிறார். என் அப்பா வைத்த பெயர். அதை அவர் வாயில் கேட்கிறபோது யாரையோ கூப்பிடுகிறார் போலிருக்கிறது.

மற்ற நாலு பேரில் மூன்று பேரிடம் நானே போய்ச் சொல்லித் திருத்தவைத்தேன். அவர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது. நாலாவது ஆள் குருசாமி. அவர் வேலையை விட்டுக் கப்பல் ஏறிப் போய்விட்டார், எண்ணும் மாறிவிட்டது. ஊரில் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. வரித் துறையிலிருந்து அவருக்கு வரவேண்டிய செய்தி என் கைபேசிக்குத்தான் வரும். எப்போது வரும் என்றுதான் தெரியாது. ஒவ்வொரு முறை அது அடிக்கும்போதும் முதலில் அவர் முகம்தான் தெரிகிறது.

9

இது வரை எழுதி இரண்டு நாள் ஆகிவிட்டது. இன்று சாயங்காலம் மழை விட்ட நேரத்தில் ஸ்டோர் வாசலில் அண்ணன் நின்றார். பின்னால் குடையோடு திவ்யா.

"ஃபார்ம் வந்துருச்சாமே. பார்ஜில சொன்னாங்க. வாசி."

திறந்தேன். திவ்யா என் தோளுக்கு மேலே எட்டி இங்கிலீஷில் படித்தாள். நான் தமிழில் சொன்னேன். மொத்தச் சம்பளம், பிடித்தது, கட்டியது. அந்தக் கட்டம் வந்ததும் இரண்டு பேருமே நிறுத்திவிட்டோம்.

"என்ன போட்டிருக்கு?"

"பூஜ்யம் அண்ணே."

"அத என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. அப்படியே விடணும்."

அண்ணன் ஒரு காலி மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பம்பூஃப்ளாட் ஃபெரி ஹாரன் அடித்தது. அவர் எழவில்லை.

"மொத்தம் எம்புட்டு ஆச்சுன்னு நீ இன்னவரைக்கும் ஒரு தடவகூடச் சொல்லல, முனியசாமி."

நீல அட்டை நோட்டை எடுத்தேன். பாஸ்வேர்டுகளுக்குப் பின்னால் கடைசிப் பக்கத்தில் ஏப்ரலிலேயே எழுதிவைத்திருந்தேன். திவ்யாவிடம் நோட்டைத் திருப்பிக் காட்டினேன், அவள் சரிபார்க்கட்டும் என்று. பிறகு சத்தமாக வாசித்தேன்.

முதல் வருடத்துக்கு, தேதி தாண்டியதால், பதினாலாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. இரண்டாம் வருடத்துக்குப் பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. வீட்டு முன்பணம் இரண்டு லட்சம்.

மொத்தம் இரண்டு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தைந்து ரூபாய்.